குடிலில் முதலில் வருகிறவர்கள்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் முதலில் ஏறுவது இடையர்கள். மாதாவும் சூசையப்பரும் அடுத்து. ராஜாக்கள் கடைசி. அம்மாயி வகுத்த ஒழுங்கு இது. அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும் வீட்டில் யாரும் அதை மாற்ற நினைத்ததில்லை. "ராத்திரி பூராவும் முழிச்சுக் கெடந்தவங்க அவங்கதான் கண்ணு. சேதி அவங்களுக்குத்தான மொதல்ல வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த சுரூபங்களை, அதாவது குடில் பொம்மைகளை, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுப்பார்.

அம்மாயி சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பனி சொட்டும் செடிக்குள் புகுந்து பறித்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அரபிகா பழுக்கும் பருவமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் ஒன்றாகவே வரும். நவம்பர் கடைசியில் செடிகள் சிவக்கத் தொடங்கினால் டிசம்பர் முழுக்கப் பறிப்புதான். சாயங்காலம் எடை போட்டுக் கணக்கு முடித்து லைன் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் பிசுபிசுவென்று கறுத்திருக்கும். அந்தக் கையோடுதான் குடில் வேலையைத் தொடங்குவார்.

அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர் சிறுமியாக இருந்தபோது பூசை முழுவதும் லத்தீன். சாமியார் பீடத்தைப் பார்த்து, மக்களுக்கு முதுகு காட்டி நிற்பார். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. அதுவரை, படிக்கவும் தெரியாமல் லத்தீனும் புரியாமல் நடுச்சாமப் பூசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு இந்தத் திருநாளின் பொருளை யார் சொல்லியிருப்பார்கள்? குடில் சொன்னது. மாட்டுத் தொட்டியில் கிடக்கும் குழந்தையையும் பக்கத்தில் நிற்கும் இடையர்களையும் பார்த்து, இது நம்ம ஆளுகளுக்கு வந்த சாமி என்று அவர் புரிந்துகொண்டார். கிறிஸ்துமஸைப் பற்றி அதற்கப்புறம் நான் படித்த எதுவும் அந்தப் புரிதலைத் தாண்டிப் போகவில்லை.

இயேசு பிறப்பைப் பற்றி நற்செய்தியில் லூக்கா எழுதியதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே பெரிய பெயர்கள் வருகின்றன. ரோமைப் பேரரசர் அகுஸ்து, சிரியாவின் ஆளுநர் குரேனியு. குடிக்கணக்கு எடுக்க ஆணை பிறக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் ஒரு பெண், நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரை மலைப்பாதையில் போகிறாள். தங்க இடமில்லை. பிள்ளை பிறக்கிறது, துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள். அவ்வளவுதான், பிறப்பை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார் லூக்கா. அதன் பிறகு கதை அரண்மனைக்கும் போகவில்லை, கோவிலுக்கும் போகவில்லை. வயல்வெளியில் கிடை காத்துக்கொண்டிருந்தவர்களிடம் போகிறது. வானதூதர் அவர்களுக்குத் தரும் அடையாளமும் அவர்களுக்குத் தெரிந்த பொருள்தான்: குழந்தை தீவனத் தொட்டியில் இருக்கும். ஆடு மாட்டோடு வாழ்கிறவனுக்கு அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.

மேச்சேரி, ஓமலூர்ப் பக்கம் இன்றைக்கும் கிடை போடுகிறார்கள். கடலையோ சோளமோ எடுத்து முடித்த காட்டில் படலை நட்டு, ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். காட்டுக்காரர் அதற்குக் காசோ தானியமோ கொடுப்பார். மறுநாள் படலைப் பிடுங்கி அடுத்த துண்டு நிலத்தில் நடுவார்கள். மார்கழிப் பனியில் ஆட்டுக்காரர் கட்டிலைக் கிடையின் ஓரத்தில் போட்டுக் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார். தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனால் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். ஒருமுறை டிசம்பரில் அப்படி ஒரு கிடையின் பக்கமாக ராத்திரி நடந்து போனேன். ஆட்டு மூச்சின் சூடும் வீச்சமும், குட்டிகளை மூடி வைத்த கூடைக்குள்ளிருந்து வந்த சத்தமும் லூக்கா எழுதிய வரிகளை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தன. தேவதூதர் வந்தால் இந்த மனிதர் என்ன செய்திருப்பார்? பயந்திருப்பார். லூக்காவும் அதையேதான் எழுதியிருக்கிறார்: மிகவும் அஞ்சினார்கள்.

எங்கள் குடில் ஆடுகள் முதலில் கடையில் வாங்கிய வெள்ளைச் சடை ஆடுகளாகத்தான் இருந்தன. இந்த ஊரில் அப்படி ஆடு ஏது என்று மாமாவுக்குப் பொறுக்கவில்லை. காவியைக் குழைத்து அத்தனைக்கும் செம்பழுப்பு பூசினார். மேச்சேரி ஆட்டுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு கிடையாது என்பதால், கொம்பு வைத்திருந்த இரண்டையும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வழித்துவிட்டார். பெத்லகேமில் மேச்சேரி ஆடு இருந்ததா என்று கேட்ட உறவினருக்கு அம்மாயிதான் பதில் சொன்னார்: "சாமி இங்க பொறந்திருந்தா இந்த ஆடுதானப்பா பக்கத்துல நின்னுருக்கும்."

அதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை என்பது என் எண்ணம். குடில் பிறந்த கதையும் அதையே காட்டுகிறது. 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூர். அசிசி நகரப் பிரான்சிஸ் அங்கே ஒரு நண்பரிடம், குழந்தை இயேசு பட்ட வறுமையைத் தன் கண்ணாலேயே பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்கிறார். ஒரு தொட்டி, நிறைய வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. இவை மட்டும்தான். சுரூபம் எதுவும் இல்லை. ஊர் மக்கள் பந்தமும் மெழுகுவத்தியும் ஏந்தி ராத்திரியில் வருகிறார்கள். தொட்டியின் மேல் பூசை நடக்கிறது, பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடுகிறார். அந்த ஊர்க்காரர்களின் மாடு, அந்த ஊர் வைக்கோல். பெத்லகேமைத் தன் ஊருக்குள் கொண்டுவந்தார் அவர். 2019 டிசம்பர் 1ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய், குடிலின் பொருளைப் பற்றிய திருத்தூது மடலில் கையெழுத்திட்டார்.

மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் எசமானின் தொட்டியை அறியும், என் மக்களோ அறியவில்லை என்று எசாயா இறைவாக்கினர் சொல்லும் வருத்தத்திலிருந்து அவை குடிலுக்குள் வந்து நின்றன. மாட்டுக்கொட்டில் என்றுகூட லூக்கா சொல்லவில்லை. குகை என்ற மரபு இரண்டாம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது. பெத்லகேமில் நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்தந்தீன் பேரரசர் காலத்தில் எழுந்து, ஆறாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்ட பேராலயம் அந்தக் குகையின் மேல்தான் நிற்கிறது. பிறந்த இடம் என்று வணங்கப்படும் தரையில் 14 முனைகள் கொண்ட வெள்ளி நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அந்தப் பெரிய கோவிலின் வாசல் நாலடி உயரம்தான், யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அம்மாயிக்கு இதைப் படத்தில் காட்டியபோது "அப்படித்தான் இருக்கோணும்" என்றார்.

கிரேச்சோவுக்குச் சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 1623இல், இன்னொரு இத்தாலியர் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி. சேலம் மறைமாவட்டம் 1930இல் தான் உருவானது. அதன் தலைமைக் கோவில் நான்கு ரோட்டில் இருக்கும் குழந்தை இயேசு பேராலயம். ஊரின் பேராலயமே பாலன் பெயரில் இருப்பதால் சேலத்துக் கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 25 இரட்டைத் திருநாள் என்று எனக்குத் தோன்றும். அன்றைக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பூசைக்கு வந்தவர்களைவிடக் குடில் பார்க்க வந்தவர்கள் கூட்டம்தான் அதிகமாகத் தெரியும். மாலை போட்ட ஐயப்ப பக்தர் தன் பிள்ளையைத் தோளில் தூக்கி ஆட்டைக் காட்டுவார். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார். அவர்களில் யாருக்கும் யாரும் பொருள் விளக்க வேண்டியிருப்பதில்லை.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். இயேசு பிறந்த நாள் நற்செய்தி நூல்கள் எதிலும் இல்லை. மாற்குவும் யோவானும் பெத்லகேம் பிறப்பைப் பேசவே இல்லை. தொடக்க காலக் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய திருநாள் உயிர்ப்பு, அதாவது ஈஸ்டர்தான். ரோமில் 354ஆம் ஆண்டு தொகுத்த ஒரு நாட்காட்டியில்தான் டிசம்பர் 25 தெளிவாக வருகிறது. அந்தக் குறிப்பு 336ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதுகிறார்கள். 274இல் அவுரேலியன் பேரரசர் உயர்த்திப் பிடித்த சூரிய வழிபாட்டின் விழாவை ஒட்டி இது வைக்கப்பட்டது என்பது ஒரு கருத்து. இயேசு கருவானதும் சிலுவையில் இறந்ததும் மார்ச் 25ஆம் தேதி என்று நம்பி, அதிலிருந்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொரு கருத்து. அறிஞர்கள் இரண்டுக்கும் வாதாடுகிறார்கள். என் மனம் சாய்வது இரண்டாவதன் பக்கம், அது ஒரு தாயின் மாதக் கணக்கு. மார்ச் 25ஐ நாங்கள் இன்றும், மாதாவுக்கு வானதூதர் சேதி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாளாகக் கொண்டாடுகிறோம். அர்மேனியத் திருச்சபை பிறப்பை ஜனவரி 6 அன்று கொண்டாடுகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருக்கும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கு அது நம் கணக்கில் ஜனவரி 7 அன்று வரும். நாள் எதுவானாலும் தொட்டியும் துணியும் இடையரும் ஒன்றுதான்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்து அத்தை வீட்டில் குடில் வைக்கும் வழக்கம் இல்லை. வாசலில் ஸ்டார் உண்டு, விடியற்காலை ஆராதனை உண்டு, கேரல் குழு உண்டு. சேலத்தில் லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் சங்கம் 1827இல் வேலையைத் தொடங்கியது. அந்த மிஷனில் பெரும்பங்கு வகித்த சபைகளின் முன்னோர் இங்கிலாந்தின் தூய்மைவாதிகள். வேதத்தில் சொல்லாத திருநாள் வேண்டாம் என்று 1647இல் நாடாளுமன்றத்தின் மூலம் கிறிஸ்துமஸையே தடை செய்தவர்கள் அவர்கள்! அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் அபராதம். அந்த வழியில் வந்த விசுவாசம் சேலத்துக்கு வந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்து, இன்று டிசம்பர் ராத்திரிகளில் கிதாரும் டிரம்மும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் பாடுகிறது. அத்தை எங்கள் குடிலுக்கு முன்னால் நின்று ஒரு ஜெபம் செய்துவிட்டுத்தான் காபி குடிப்பார். கேரல் குழுவோடு வந்து ஆடும் தாத்தாவுக்கும் ஒரு வேர் இருக்கிறது: நான்காம் நூற்றாண்டில் மீரா நகர ஆயராக இருந்த நிக்கோலாஸ், மூன்று ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்காக ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்பை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனார் என்பது மரபு. எனக்குப் பிடித்தது அந்த யாருக்கும் தெரியாமல் என்பதுதான்.

குடில் வேலை திருவருகைக் காலத்தோடு தொடங்கிவிடும். நான்கு ஞாயிறு, பீடத்தில் ஊதாத் துணி, வாரத்துக்கு ஒன்றாக ஏறும் மெழுகுவத்தி. அம்மாயிக்கு அந்த நான்கு வாரமும் மண்ணில் இருந்தது. டிசம்பர் பாதியில் கொட்டாங்குச்சிகளில் செம்மண் நிரப்பி, ராத்திரி ஊற வைத்த கேழ்வரகைத் தூவி, மேலே ஈரத் துணி போட்டு மூடுவார். முளை குத்தியதும் துணியை எடுத்து ஜன்னலில் வைத்துக் கையாலேயே தண்ணீர் தெளிப்பார். குவளையால் ஊற்றினால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். 24ஆம் தேதி விரல் உயரப் பச்சை நிற்கும். ஊரில் மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி வளர்த்த குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். கைப்பழக்கம் மாறவில்லை, யாருக்காக வளர்க்கிறோம் என்பது மாறியது. இதைக் குறையாகப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நேர்த்தியாகவே படுகிறது. மண்ணுக்குள் இறங்கி வந்த கடவுளுக்கு முளையை வைக்காமல் வேறெதை வைப்பது?

பாறைக்குச் சிமெண்ட் மூட்டைத் தாள். கஞ்சியில் கரித்தூளைக் கலந்து தாளின் மேல் பூசி, ஈரமாக இருக்கும்போதே கசக்கி, செங்கல் மேல் போர்த்தி உலரவிட்டால் ஏற்காட்டுப் பாறை நிறம் அப்படியே வரும். கூரைக்குச் சில்வர் ஓக் இலை, வெள்ளி நிறம் தெரியும்படி அடிப்பக்கத்தை மேலே திருப்பி அடுக்க வேண்டும். பின்னால் பழத்தோடு ஒரு காபிக் கிளை. அது கடைசிப் பறிப்புக்கு முன்னால் கங்காணியிடம் கேட்டு வாங்கி வருவது. சேலத்துக்குக் குடிவந்த பிறகும் மாமா அந்தக் கிளைக்காகவே 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் வருவார். கடையில் விற்கும் தயார் குடில் வாங்குவோர் வாங்கட்டும், இடமில்லாத வீடுகளுக்கு அது உதவிதான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டும் கொஞ்சம் மண்ணையும் வைக்கோலையும் அவர்கள் கையில் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

தொட்டி 24ஆம் தேதி ராத்திரி வரை காலியாகவே இருக்கும். நடுச்சாமப் பூசையில் வானவர் கீதம் தொடங்கும்போது எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் அடிக்க, ஃபாதர் பாலன் சுரூபத்தைக் கையில் ஏந்தி வந்து கோவில் குடிலில் கிடத்துவார். பூசை முடிந்து வரிசையில் நின்று அந்தப் பாதத்தை முத்தி செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே சின்னவர் யாரோ அவர் கையால் எங்கள் தொட்டியில் பாலனை வைப்போம். அப்போது மணி இரண்டு ஆகியிருக்கும்.

விடிந்தால் பலகாரத் தட்டு. கல்கல், அச்சு முறுக்கு, அதிரசம், நாலு துண்டு கேக். தீபாவளிக்கு எந்தெந்த வீட்டிலிருந்து தட்டு வந்ததோ அத்தனை வீட்டுக்கும் போக வேண்டும். மார்கழி என்பதால் சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகள் இருக்கும், அவர்களுக்கு முட்டை சேராத பலகாரம் தனி எண்ணெயில் முதலிலேயே சுட்டு எடுத்துவிடுவார் அம்மா. கல்கல் உருட்டுவது மட்டும் பிள்ளைகள் வேலை. மாவை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்டினால் சோழி மாதிரி வரிவரியாக வரும்.

25ஆம் தேதியோடு திருநாளை முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 28ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொன்றதை மத்தேயு எழுதுகிறார். சூசையப்பர் ராத்திரியோடு ராத்திரியாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பி ஓடுகிறார். தொட்டியில் பிறந்த குழந்தை நடக்கப் பழகுவதற்கு முன்னால் அகதி ஆகிவிட்டது. நம் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, இன்னும் எந்த நாட்டுக் குடிமகன் என்று தெரியாமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேரல் பாட அங்கே போகும் குழுக்கள் 25க்கு முன் போவதைவிட 28 அன்று போனால் பொருத்தமாக இருக்கும் என்று பங்கில் பலமுறை சொல்லியிருக்கிறேன், இந்த வருடமும் சொல்வேன். அன்றைக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து எகிப்துப் பயணத்தை வாசித்தால், கேட்கிறவர்களுக்குத்தான் அது வாசிக்கிறவரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ராஜாக்கள் வருவது ஜனவரி 6 அன்று. இப்போது நம் நாட்டில் திருக்காட்சித் திருநாளை அதை ஒட்டிய ஞாயிறில் வைத்துவிடுகிறார்கள், எங்கள் வீட்டில் மூணு ராசாக்கள் திருநாள் 6ஆம் தேதிதான். மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், கொண்டுவந்தது பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம். மூன்று காணிக்கை என்பதால் மூன்று பேர் ஆனார்கள். வெள்ளைப்போளம் பிணத்துக்கு இடும் வாசனைப் பொருள் என்பதை அம்மாயி அறிந்திருந்தார். அந்தப் பெட்டியை ஏந்தி நிற்கும் ராஜாவை மட்டும் குழந்தைக்குக் கொஞ்சம் தள்ளியே வைப்பார், காரணம் சொல்ல மாட்டார்.

அதுவரை மூன்று பேரும் கூடத்துக்கு அந்தப் பக்கம், தையல் மிஷின் மேல் இருப்பார்கள். நாளுக்கு ஒரு சாண் நகர்த்த வேண்டும். ஜன்னல், ரேடியோ பெட்டி, ஸ்டூல் என்று பயணம் போகும். யார் நகர்த்துவது என்பதில் பிள்ளைகளுக்குள் தினமும் சண்டை. 7ஆம் தேதி காலை குடிலைப் பிரித்துவிடுவோம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலை காத்திருக்கும். அதனால் பார்க்க வருகிறவர்கள் அதற்குள் வந்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், ஒட்டகத்தை நகர்த்த அவர்களுக்கும் ஒரு முறை உண்டு.